ரெஜினா கையெழுத்து வைக்காத அறிக்கை

அந்தத் திங்கட்கிழமை காலை வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் வேலைக்குப் போகும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையில் தையல் தைத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகும் பரீனா பேசினார். அவர் அந்த நேரத்தில் எனக்கு எடுப்பவர் அல்ல.

"சேர், ரெஜினா மிஸ் மௌத்தாகிட்டாங்க. நேத்து பூசைக்குப் போய்ட்டு வந்து கதிரையில இருந்தாங்களாம். தம்பி தேத்தண்ணி கொண்டு வந்து பாக்கக்குள்ள முடிஞ்சு போச்சாம்."

வண்டி வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த வண்டியும் போனது. கடல் அலை தண்டவாளத்துக் கற்களில் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையை இரண்டு வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்திருந்தேன். என் முதல் நினைப்பு அவரைப் பற்றியதுகூட அல்ல, அந்த வேலையைப் பற்றியது. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செத்தவீட்டுக்கு ஆய்வுகூடத்தில் எங்களோடு வேலை செய்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். வாசலில் போட்டிருந்த கதிரைகளில் இருந்து பழைய கதைகள் கதைத்தோம். ஒருவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நல்ல கெட்டிக்காரி. ஆனா ஒரு நல்ல ஆராய்ச்சியைத் தன்ர பிடிவாதத்தால கெடுத்துப்போட்டா." இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். உள்ளே ரெஜினா வெள்ளைச் சேலையில் கிடந்தார். என் வாய் திறக்கவில்லை. பெட்டி மூடும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பாவது இதை எழுதி உங்கள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று அன்றிரவு முடிவு செய்தேன்.

ரெஜினாவும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயதுக்காரர்கள். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன் குருநகரிலிருந்து துறைமுக வேலைக்கு வந்து அங்கேயே தங்கியவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குடியேறியவன். எறிகிற பொருளை எடுத்து, கறண்ட் செலவைக் குறைக்கும் கட்டடப் பொருளாக மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. பதவியில் நான் ஒரு படி மேலே போனேன். அதற்கு அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் கணக்குகளை அவர் சரிபார்ப்பார். அவருடைய கடிதங்களை நான் திருத்துவேன். மத்தியானச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். அவருடைய தம்பி செல்வம் துறைமுகத்திலிருந்து கொண்டுவரும் மீனில் ஒரு துண்டு எனக்கென்று வரும்.

கூரைப் பூச்சு பற்றிய யோசனை அவருடையதுதான். கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை இருக்கிறது. இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டிய தகரக் கூரை வீடுகள். மத்தியானத்தில் அந்த வீடுகளுக்குள் இருக்க ஏலாது. உழைப்பில் பாதி மின்விசிறிக்கே போகிறது என்று பெண்கள் சொல்வார்கள். உடைந்த வெள்ளை டைல்ஸ்களை மாவாக அரைத்துப் பூச்சில் கலந்து, வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைக் கூரை செய்யலாம் என்றார் ரெஜினா. ஒழுங்கையில் பன்னிரண்டு வீட்டுக் கூரைகளுக்குப் பூசினோம். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அதில் ஒரு மருந்தும் சேர்த்தோம். அது என் யோசனை.

பூசுவதற்கு முந்திய ஒரு சித்திரை மாத மத்தியானம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒழுங்கையில் பரீனாவின் அறையில் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நான் வெளியே வந்து நிழலில் நின்றேன். ரெஜினா வரவில்லை. எட்டிப் பார்த்தால், தையல் மெசினுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறார். முகமெல்லாம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன செய்யிறீர்? கருவிதான் அளக்குதே, வெளியில வாரும்" என்றேன்.

"கருவி பின்னேரம் எங்களோட திரும்பி வந்துடும், கணேஷ். இவ இங்கதானே இருக்கப்போறா. ஒரு மணித்தியாலம் இருந்து பாக்கிறன்."

ஒரு மணித்தியாலமும் இருந்தார். எழும்பும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பரீனா ஓடிப்போய்ச் சீனி கரைத்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் வருடம் எங்களுக்குத் திருவிழா. வெள்ளை அடித்த வீடுகளுக்குள் கால் வைத்தவுடன் உடம்புக்கே வித்தியாசம் தெரிந்தது. பெண்கள் மத்தியானத்தில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். ஒரு பூச்சுக் கம்பனி ஆளனுப்பிக் கதைத்தது. ஆய்வை மேலும் நூறு வீடுகளுக்கு விரிக்க உதவி தரும் குழுவொன்று அறிக்கை கேட்டது.

இரண்டாவது வருடம் மழை நிறையப் பெய்தது. துறைமுக லொறிகளின் புகைக்கரியும் கடற்காற்றின் உப்பும் கூரைகளில் படிந்தன. மருந்து போட்டும் பூஞ்சணம் பிடித்தது. வெள்ளை சாம்பலாகி, பிறகு கறுத்தது. பல இடங்களில் செதில் செதிலாகக் கழன்றது. ரெஜினா ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு கூரையையும் அளந்தார். வெயிலைத் திருப்பும் சக்தியில் பெரும்பகுதி போய்விட்டது. அதைவிடப் பெரிய விடயம் ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். அந்த ஒழுங்கையில் குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகையால் கூரைத் தண்ணீரைப் பீப்பாக்களில் பிடித்துப் பாத்திரம் கழுவுவார்கள், உடுப்புத் தோய்ப்பார்கள், பிள்ளைகளைக் குளிக்க வார்ப்பார்கள். அந்தத் தண்ணீரில் நாங்கள் கலந்த மருந்தின் தடயம் இருந்தது.

அப்போது நான் அறிக்கையை எழுதி முடித்திருந்தேன். முதல் வருட அளவுகள் மட்டும் அதில் இருந்தன. கையெழுத்துக்காக அவருடைய மேசையில் வைத்தேன். அவர் கடைசிப் பக்கம்வரை வாசித்தார். பேனையை எடுக்கவில்லை.

"ரெண்டாவது வருசம் எங்க?" என்றார்.

"அதை அடுத்த கட்டத்தில போடுவம். இதில ஓர் எண்கூடப் பொய் இல்லை."

"எண் பொய் இல்லைத்தான். வாசிக்கிறவன் விளங்கிக்கொள்ளப்போறது பொய்."

"உதவி கிடைச்சாத்தானே பிழையைத் திருத்தலாம்? விளங்குதே உமக்கு?"

"பரீனான்ர பீப்பாவுக்குள்ள அது இப்ப விழுந்துகொண்டிருக்குது, கணேஷ். அடுத்த கட்டம் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளையளைக் குளிக்க வேண்டாம் எண்டு சொல்லுவமா?"

"அது ஆளைக் கெடுக்கிற அளவில்லை."

"இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. தெரியாது எண்டாவது எழுதும், நான் கையெழுத்து வைக்கிறன்."

நான் எழுதவில்லை. அவருடைய கையெழுத்து இல்லாமலே அறிக்கையை அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று தெரிந்ததும், இரண்டாவது வருட அளவுகளையும் தண்ணீர்ப் பரிசோதனையையும் இணைத்து அவர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பிரதியைத் தன் கையாலேயே கொண்டுவந்து எனக்குத் தந்தார். "உமக்குப் பின்னால போய்ச் செய்ததா இருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

திட்டம் நின்றது. எங்கள் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த மூன்று பேருக்கு வேலை போனது. எனக்கு வரவிருந்த பதவி வேறொருவருக்குப் போனது. உங்களில் பலருக்கு இவ்வளவுதான் தெரியும். பொறாமையில் ரெஜினா காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற கதை எங்கிருந்து தொடங்கியது என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் என் காதுபடச் சொன்னபோதெல்லாம் மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மௌனத்தை நீங்கள் ஆமென்று எடுத்துக்கொண்டீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் இருந்தேன். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரே கட்டடத்தில் ஆறு வருடங்கள் நாங்கள் பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் அவர் சிரிப்பார். நான் கைபேசியைப் பார்ப்பேன்.

அந்த ஆறு வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பது பின்னர் பரீனா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

குழுவுக்குக் கடிதம் போட்ட அதே வாரத்தில் ரெஜினா அந்த ஒழுங்கைக்குப் போயிருக்கிறார். "நடு ஒழுங்கையில நின்டு சென்னாங்க சேர். நாங்க பூசினது சரிவரல்ல, கூரைத் தண்ணிய எடுக்காதீங்க, பிழை எங்கட என்டு. எங்கட ஆக்கள் சும்மா விட்டாங்களா? பக்கத்து வீட்டு வயசான நானா வாயில வந்ததெல்லாம் ஏசினாரு. மிஸ் ஒண்டுமே பேசல்ல. தலைய குனிஞ்சிட்டு நின்டாங்க. எல்லாரும் ஏசி முடிச்ச பொறகு, சனிக்கிழமை வந்து சுரண்டித் தாரன் என்டாங்க."

சனிக்கிழமைகளில் தம்பி செல்வத்தைக் கூட்டிக்கொண்டு கம்பித் தூரிகையோடு கூரையில் ஏறியிருக்கிறார். சுரண்டிய செதில்களை ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டி எடுத்துப்போயிருக்கிறார். பன்னிரண்டு கூரைகளையும் முடிக்க ஐந்து மாதம் பிடித்ததாம். எட்டாவது வீட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கை அதற்குப் பிறகு முழுதாக நிமிரவில்லை. பஸ்ஸில் விழுந்துவிட்டதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார். நாங்கள் நம்பினோம். நான் போய் நலம்கூட விசாரிக்கவில்லை.

சுரண்டி முடித்த கையோடு அவர் வேறொரு வழியைத் தேடத் தொடங்கினார். பால்மா பக்கற்றின் உட்புறம் வெள்ளி போல மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்திக்கும் அலுமினியமும் ஒட்டிய தாள் அது. பிரிக்க முடியாததால் யாரும் திருப்பி வாங்குவதில்லை, குப்பைக்குத்தான் போகும். அவற்றை அடுக்கிச் சூட்டில் அழுத்திப் பலகையாக்கி, தகரத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு, மினுங்கும் பக்கம் கீழே பார்க்கத் தொங்கவிட்டால், சூடு அறைக்குள் இறங்குவது குறையும். கீழே பார்க்கும் முகத்தில் கரியும் படியாது, மழையும் படாது. முதல் பலகையைப் பரீனாவின் இஸ்திரிப் பெட்டியால்தான் அழுத்தினார்கள். ஒழுங்கைப் பெண்கள் பக்கற்றுகளைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார்கள். கழுவாமல் கொடுத்தவர்களுக்கு எறும்புகளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாராம்.

அதையும் அவர் அவசரப்பட்டு யாருக்கும் மாட்டவில்லை. நெருப்புப் பிடித்தால் எப்படி எரிகிறது என்று பார்க்காமல் அடுப்புள்ள அறையில் வைக்கமாட்டேன் என்று நின்றார். பரீனாவின் வீட்டில் சமையலும் தையலும் ஒரே அறையில். உதவி செய்த முதல் ஆளின் வீட்டுக்குத்தான் பலகை கடைசியாகப் போனது. அடுப்பைச் சுவர் வைத்துத் தடுக்கும்வரை ஒரு வருடம் காக்கவைத்தார். "எனக்குக் கோவம்தான். ஆனா அவங்க காரணத்தச் செல்ற நேரம் கோவிக்க ஏலாது" என்றார் பரீனா.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. பால்மாவுக்கே வரிசையில் நின்ற நாட்கள். வெறும் பக்கற்றுக்கு எங்கே போவது? பிஸ்கற் தாள்களை வைத்துச் சமாளித்தாராம். எங்கள் வீடு மாடிக்கட்டடத்தின் ஏழாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. பாரிசவாதத்தில் விழுந்த என் அப்பா கட்டிலில் கிடந்தார். மின்விசிறி நின்றால் கொங்கிறீற்று கக்கும் வெக்கையில் அவருடைய முதுகு வெந்துபோகும். நாங்கள் மாறி மாறி விசிறுவோம். ரெஜினா வெக்கை குறைக்கும் பலகை செய்வதாக யாரோ சொல்லக் கேட்டு, என் மனைவி சாந்தி என்னிடம் கேட்காமலே அவருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் முற்பகல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ரெஜினா நிற்கிறார். பின்னால் செல்வம். இருவர் தோளிலும் பலகைக் கட்டுகள். கறண்ட் இல்லாததால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்த நிமிராத கையோடு ஏழு மாடியும் ஏறி வந்திருந்தார்.

"கீழ இருந்து கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். ஆறு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கூப்பிட்டா நீர் வரமாட்டீர் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு அப்பாவிடம் போய், "ஐயா, கொஞ்சம் சத்தம் போடுவம், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

இரண்டு மணித்தியாலத்தில் மாட்டி முடித்தார்கள். மறுநாள் பின்னேரம் அப்பா, திருத்தமாக வராத வாயால், "பிள்ளை, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தனான்" என்று சாந்தியிடம் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு ஏழு மாதம்தான் இருந்தார். அந்த ஏழு மாதமும் மத்தியானத்தில் நித்திரை கொண்டார்.

பலகை மாட்டிய அன்று அவரை வழியனுப்ப நானும் படியிறங்கினேன். மூன்றாவது மாடியில் அவர் மூச்சு வாங்க நின்றார். செல்வம் முன்னால் போய்விட்டார். இனியும் சொல்லாவிட்டால் நான் மனிசன் இல்லை என்று தோன்றியது.

"ரெஜினா, அந்த அறிக்கையில நீர் சொன்னதுதான் சரி. ஆக்கள் உம்மைப் பற்றிக் கண்டபடி கதைக்கேக்க நான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

"தெரியும்."

"எனக்கு மன்னிப்புக் கேக்கவும் முகமில்லை."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம், கணேஷ்? எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே. தெரியாதவங்களிட்டச் சொல்லும். வேலை போன அந்த மூண்டு பேரும் இண்டைக்கும் என்னைக் கண்டா மற்றப் பக்கம் போகினம். அதுதான் எனக்கு நோகுது."

சொல்கிறேன் என்றேன். அவரும் நம்பினார். நாங்கள் திரும்பவும் பேசத் தொடங்கினோம். மீன் துண்டும் வரத் தொடங்கியது. இரண்டு முறை அவரோடு அந்த ஒழுங்கைக்கும் போனேன். ஆனால் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லலாம், ஓய்வுபெறும் அன்று சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு வருடங்கள் ஓடின. அவர் ஒருமுறைகூட ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் கோபித்துக்கொண்டாவது செய்திருப்பேன். செத்தவீட்டு வாசலில் கடைசி வாய்ப்பு வந்தது. அதையும் விட்டேன்.

ஆகையால் இப்போது சொல்கிறேன். அந்தப் பூச்சு தோற்றது ரெஜினாவால் அல்ல. பூச்சு தோற்றுவிட்டதை அவர் சொன்னார், நான் மறைத்தேன். மருந்து கலந்தது என் யோசனை. அதைச் சுரண்டியவர் அவர். மூன்று பேரின் வேலை போனதற்குக் காரணம் என் அறிக்கை; அவருடைய கடிதம் அல்ல. நான் முதலிலேயே இரண்டு வருடங்களையும் எழுதியிருந்தால் திட்டம் சுருங்கியிருக்கும், நின்றிருக்காது என்று குழுவில் இருந்த ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அதையும் இவ்வளவு காலம் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். அந்த மூவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதியிருக்கிறேன். ஒருவரிடமிருந்து பதில் வந்தது: "அக்கா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே."

போன சனிக்கிழமை நான் தனியாக அந்த ஒழுங்கைக்குப் போனேன். மாதத்தில் முதல் சனிக்கிழமை ரெஜினா போய் எல்லா வீட்டிலும் வெப்பநிலை குறித்துவருவார்; யாரும் கேட்காத, யாருக்கும் அனுப்பாத கணக்கு. செல்வம் அவருடைய கொப்பியை என்னிடம் தந்திருந்தார். பரீனாவின் வீட்டில் மெசினுக்கு மேலே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதிவிட்டு எழும்பினேன். பரீனா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிதா சேர்?"

"ஓம், எழுதிட்டன்."

"மிஸ் அதோட போக மாட்டாங்க. கொப்பிய மூடிட்டுக் கேப்பாங்க, 'பரீனா, எனக்கு நோகும் என்டு நீ செல்லாம வச்சிருக்கிற குறை என்ன?' என்டு. செல்றவரைக்கும் இந்த இடத்த விட்டு எழும்ப மாட்டாங்க."

எனக்கு இது தெரியாது. அவரோடு போன இரண்டு தடவையும் நான் வெளியே நிழலில் நின்றிருந்தேன். திரும்பவும் தரையில் குந்தினேன். அந்த வார்த்தைகளையே கேட்டேன்.

பரீனா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பலகைக்கு மேல எலி குட்டி போட்டிருக்கு சேர். போன மாசமே செல்ல இருந்திச்சு. மிஸ்ஸுட முகம் வாடிப்போய் இருந்திச்சு, களைப்பா இருந்தாங்க. அடுத்த மாசம் செல்லலாம் என்டு உட்டுட்டன்."

அவர் அழத் தொடங்கினார். நானும் அழுதேன். பிறகு கொப்பியில் எலி என்று எழுதினேன். எந்த மூலை, எவ்வளவு இடைவெளி என்று கேட்டு அதையும் எழுதினேன். ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அதைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எழும்பாமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அன்று மிச்சம் பதினொரு வீடுகள் இருந்தன. எல்லா வீட்டிலும் குந்தியிருந்து கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.